ஓதுவார் குரலும் ஒரு சிறு பெட்டியும்

சிவாலயங்களில் தீபாராதனையின்போது ஓதுவார் மூர்த்திகள் பதிகம் பாடுவது தொன்றுதொட்டு வரும் மரபு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அத்தனை குரல்கள் ஒன்றாய் எழுந்த இடத்தில் ஒலிபெருக்கிக்கு ஏது வேலை! இன்றோ பல ஆலயங்களில் ஒரே ஓதுவார், அவரும் முதியவர்.

காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றின் சிவாலயத்திலும் அதுவே நிலை. ஓதுவாருக்கு வயது 76. பண் பிசகவில்லை, குரல் மட்டும் தணிந்துவிட்டது. முழங்கால் வலியால் படியேற இயலாத மூதாட்டியர் கொடிமரத்தருகே வெளி மண்டபத்தில் அமர்ந்து, ஸ்பீக்கர் வழியே வருவதையே கேட்டுக் கைகூப்புவர். ஓதுவாரின் மெல்லிய குரலுக்காக மிக்ஸரின் கெயின் திருகைக் கடைசிவரை ஏற்றினால், பாட்டுக்கு முன்னே ‘உஸ்’ என்ற இரைச்சல் வந்து நின்றது.

“பென் டிரைவில் பதிகத்தைப் போட்டுவிடலாமே” என்று கோயிலில் பேச்சு எழுந்தது. சொன்னவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. ஆயினும், ஓதுவார் நின்று பாடும் சந்நிதியில் ஒரு பெட்டி பாடுவதை வழிபாடு என்று ஏற்க மனம் வருமா? அதைக் கேட்ட ஓதுவார் மறுமொழி ஏதும் கூறவில்லை. மறுநாள் முதல் மைக்கை ஒதுக்கிவிட்டு, சந்நிதியை நெருங்கி நின்று பாடலானார். வெளி மண்டபத்துக்கு ஒன்றும் எட்டவில்லை.

அங்கு அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், விசாரித்தறிந்து, ஒரு ப்ரீஆம்ப் பெட்டியை உபயமாக வாங்கித் தந்தார். மைக்கிலிருந்து எழும் மின்னலை மிக மெலியது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதை ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்துவதே ப்ரீஆம்பின் தொழில். மிக்ஸருக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு. ஆனால், விலை குறைந்த மிக்ஸர்களில் அதை உச்சத்துக்கு ஏற்றினால் இரைச்சலும் உடன் ஏறும். நல்ல ப்ரீஆம்பைத் தனியே வைப்பது அதற்காகத்தான்.

உள்ளூர் மைக்செட் இளைஞர், புதிய பெட்டியிலிருந்து வந்த கேபிளை மிக்ஸரின் மைக் துளையிலேயே செருகினார். இரண்டும் மூன்று பின் உடையவை, பொருந்திக்கொண்டன. குரலோ கிழிந்த பறை போல் வந்தது. பெட்டி பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பக் கட்டியும் வைத்துவிட்டார்கள்.

பிரதோஷத்துக்கு வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், வால்வு ஆம்ப்ளிபயர் காலத்திலிருந்தே திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டியவர், கட்டைப் பிரிக்கச் சொன்னார். “தம்பி, காய்ச்சின பாலை மறுபடி அடுப்புல ஏத்தினா பொங்காம என்ன செய்யும்? பெருசாக்கின சத்தத்தை இன்னொரு தடவை பெருசாக்கியிருக்கே. லைன்ல குத்து” என்றார்.

முதலில் எல்லாத் திருகுகளையும் தணித்தார். மிக்ஸரில் 48 வோல்ட் என்று குறித்த பொத்தானை அணைத்தார். கண்டென்சர் மைக்குக்கு உயிரூட்டும் மின்சாரம் அது; ப்ரீஆம்பின் வெளித்துளைக்குள் அது பாய்ந்தால் பெட்டிக்கு ஆகாது. பிறகு கால் அங்குல பின்னை லைன் துளையில் செருகினார். கிழிசல் நின்றது, இரைச்சல் சற்றே மிஞ்சியது. சில மிக்ஸர்களில் லைன் துளைக்கு வருவதும் உள்ளிருக்கும் ப்ரீஆம்பைத் தொட்டுத்தான் செல்லும். அதனால் ‘இன்சர்ட்’ என்ற துளையை நாடினார். பெரும்பாலும் அத்துளையில் பின்னின் முனை வழியே ஒலி வெளியேறும். வளையம் வழியே திரும்ப நுழையும். வளையத்தின் வழியே மட்டும் நுழையுமாறு ஒரு கேபிளைப் பற்றவைத்துச் செருகினார். அதன்பின் மிக்ஸரின் கெயின் திருகுக்கு வேலையில்லை; குரலை ஏற்றுவதும் தணிப்பதும் புதிய பெட்டியின் திருகே.

மைக் ஊளையிடுவதை எந்த ப்ரீஆம்பும் நீக்காது. இதை அறியாமல் பணத்தைக் கொட்டுவோர் பலர். பெரியவர் ஸ்பீக்கரை மைக்குக்கு எதிர்ப்புறம் திருப்பிவைத்தார். ஓதுவாரின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்த மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தார். தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரலின் வலு ஏறக்குறைய இருமடங்காகும்.

பின்னர் ஓதுவாரிடம் சென்று, “ஐயா, உரக்கப் பாட வேண்டாம். இறைவனுக்குப் பக்கத்துல நின்னு பாடுற மாதிரியே பாடுங்க” என்றார். ஓதுவார் தயங்கினார், வெளி மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மைக்கின் முன் வந்து நின்றார்.

தேவாரத்தின் ஒவ்வொரு சொல்லும், இடையில் அவர் மூச்சு வாங்குவதும்கூட, கொடிமரம் வரை சென்றது. “பெட்டி இல்லடி, அவரேதான் பாடுறார்” என்று ஒரு மூதாட்டி பக்கத்திலிருந்தவரிடம் கூறினார்.

கூலி வாங்க மறுத்த பெரியவர் விபூதியும் சுண்டலும் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். இளைஞர் ஓர் அட்டையில் எழுதி மிக்ஸரருகே ஒட்டினார்: முதலில் ப்ரீஆம்ப், அடுத்து மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிபயர், அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். ஓதுவார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “இருமல் வந்தா எதைத் தம்பி மூடணும்?”