பொறி வைத்த கல்லறையும் பத்துமலைச் சிலந்தியும்

2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாடியவர்களுக்கு பிளீக் ஃபால்ஸ் பேரோ கல்லறை மறக்காது. மூன்று கல்தூண்களைப் பாம்பு, பாம்பு, திமிங்கலம் என்று திருப்பாமல் நெம்புகோலை இழுத்தால் நச்சு அம்புகள் பாயும். தப்பி உள்ளே போனால் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு சிலந்தி. செத்தாலும் கவலையில்லை, சேவ் செய்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

அந்த ஆசை அடங்காதவர்கள் கேஎல் சென்ட்ரலில் பத்துமலை கொமுட்டர் ஏறுங்கள். 272 படிகளில் பாதிக்கு மேல் ஏறியதும் இடப்புறம் இருட்டுக் குகை. இங்கே பொறி வைப்பது நிஜச் சிலந்தி. லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ், பெயரிலேயே நம் பத்துமலை! குகைச் சுவரில் பட்டுநூலால் வளை கட்டி, வாசலுக்கு மூடியும் போட்டு, வெளியே சில இழைகளை நீட்டி வைத்துவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சியின் கால் ஓர் இழையில் பட்டால் போதும், மூடி திறக்கும். அப்புறம் பூச்சி இல்லை. இத்தனைக்கும் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தைப்பூசத்துக்கு வருடா வருடம் ஏறி இறங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம்?

இங்கே கை தவறிப் பட்டால் ஆபத்து நமக்கில்லை, அதற்குத்தான். சுவரைத் தொடாதீர்கள். 2019-ல் குகையை மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.