பதினைந்து சென்டிமீட்டர் தூஃபானி

பிரெஞ்சு படித்தவனுக்கு ஆகாய விமானம் ஒரு அகராதி மாதிரி. உடம்புப் பகுதிக்கு ‘ஃப்யூஸ்லாஜ்’ என்று பெயர். ‘ஃப்யூஸோ’ என்றால் நூல் நூற்கும் கதிர், கதிர்போல இரண்டு முனையும் குறுகியது என்று அர்த்தம். இறக்கை ஓரத்தில் ஏறி இறங்கும் ‘எல்ரோன்’ என்பது சின்ன இறக்கை. வால் பகுதிக்கு ‘ஆம்பெனாஜ்’, அதாவது அம்புக்கு இறகு கட்டுவது. எஞ்சின் வைக்கும் கூடு ‘நாஸெல்’, சிறு படகு. இங்கிலீஷ்காரர்களும் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. மாடல் விமானப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எழுபது வயதுக்கு மேல் படித்தபோதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

பெட்டியைக் கொண்டுவந்தவன் பாரீஸில் இருக்கும் என் தங்கை மகன். உள்ளே 72-இல் ஒரு பங்கு அளவில் ‘ஊராகான்’ என்ற ஜெட் போர் விமானம். ஊராகான் என்றால் சூறாவளி. பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனம் செய்த முதல் ஜெட் போர் விமானம் இது, முதலில் பறந்தது 1949-இல். தஸ்ஸோ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. நிறுவனர் மார்செல் தஸ்ஸோவின் பழைய பெயர் மார்செல் ப்ளோக். யூதர், போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் புஹன்வால்ட் முகாமில் அடைத்துவைத்தும் உயிரோடு திரும்பியவர். அவருடைய அண்ணன், ஒரு ஜெனரல், மறைமுக எதிர்ப்புப் படையில் ‘ஷார் தஸ்ஸோ’ என்ற புனைபெயரில் இயங்கினார். அதற்கு டாங்கி என்று பொருள். அதிலிருந்து குடும்பப் பெயரே மாறிவிட்டது.

இந்தியா இந்த விமானத்தை 1953-இல் வாங்கியது. புதுச்சேரியை விட்டுப் போ என்று பிரான்ஸிடம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களிடமே போர் விமானமும் வாங்கியிருக்கிறோம். மறு வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி புதுவை கை மாறியது. நம் விமானப்படை ஊராகானுக்கு வைத்த பெயர் தூஃபானி. 1961 டிசம்பரில் டையூவிலிருந்து போர்த்துகீசியரை வெளியேற்றியபோது தூஃபானிகளும் பறந்தன.

இந்த விவரமெல்லாம் எனக்கு எதற்கு என்றால், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து தூஃபானியின் உடம்புப் பகுதிக்கு ஃபிட்டராக வேலை பார்த்தவர். அந்த விமானத்தின் முன் அவர் நிற்கும் போட்டோ ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து, மழைத்தண்ணீரில் அந்தப் படம் ஊறிக் கூழாகிப் போனது. அதன் பிறகு கண்நீர் அழுத்த நோயில் அவருக்குப் பார்வையும் போய்விட்டது. பேரப்பிள்ளைகளிடம் தூஃபானி என்று சொன்னால் புயல் பெயரா தாத்தா என்று கேட்கிறார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே இந்த விமானத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு அல்ல, விரலால் பார்ப்பதற்குக் கட்டுவது என்று முடிவு செய்தேன். மாடல் கட்டுகிறவர்களின் வழக்கத்துக்கு இது நேர் எதிர். பழைய அச்சுகளில் தகடு சேரும் கோடுகள் மேலே எழும்பி நிற்கும். நிஜ விமானத்தில் அப்படி இருக்காது என்று சொல்லி விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேய்த்துவிட்டு, ஊசியால் பள்ளமாகக் கீறுவார்கள். நான் அந்த எழும்பிய கோடுகளைப் புதையல் மாதிரி காப்பாற்றினேன். உடம்பின் இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில் இடுக்கு தெரிவது எல்லாப் பெட்டிக்கும் பொது. பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தே தீர வேண்டும், தேய்த்தால் பக்கத்துக் கோடுகளும் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. துண்டுகளைக் கழற்றிய பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு குச்சியை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, நடுவில் இளகியதும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். அதைக் கோடு போன இடத்தில் வைத்து, தூரிகை நுனியால் பசையைத் தொட்டால் போதும். இந்தப் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒரு துளி அதிகமானால் இழையே கரைந்து காணாமல் போகும்.

மூக்கு பாரம் அடுத்த வேலை. முன்சக்கரம் உள்ள விமானங்கள் சின்ன அளவில் வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும், மூக்குக்குள் எடை போட வேண்டும். ஆனால் ஊராகானின் மூக்கே காற்று உள்ளே போகும் திறந்த வாய். எடையை ஒளிக்க இடம் எங்கே? வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒரு கைப்பிடி வைத்திக்குப்பத்தில் வாங்கி, சுத்தியால் தட்டித் தகடாக்கி, விமானி உட்காரும் தொட்டியின் அடியிலும் இரண்டு பக்கத்திலும் திணித்தேன். மூடுவதற்கு முன் பாதிகளை டேப்பால் சுற்றி, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு கவிழ்ந்தது. போதும்.

பீரங்கிதான் எனக்குப் பிடித்த பகுதி. காற்று வாய்க்குக் கீழே 20 மி.மீ. பீரங்கி நாலு. அதை 72-ஆல் வகுத்தால் 0.28 மி.மீ. பெட்டியில் வந்த அச்சில் அந்த இடத்தில் சிறு குழிதான் இருக்கிறது, விரலுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் எதன் தடிமன் அந்தக் கணக்குக்கு வரும் என்று தேடினால் என் இன்சுலின் ஊசி! நாலு நாள் போட்டுக்கொண்ட ஊசிகளைக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்து, கூர்முனையை வெட்டி, குத்தாதபடி எமரித் தாளில் தேய்த்துச் செருகினேன். வெளியே அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். இறக்கை நுனிகளில் பெட்ரோல் டாங்கி இரண்டு. தூஃபானிக்கு அடையாளமே அதுதான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவற்றை மட்டும் உள்ளே கம்பி வைத்து இறுக்கினேன். தடவும் கை முதலில் போய் நிற்கும் இடம் அது.

விமானியின் கண்ணாடிக் கூண்டை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். உடனே ஒட்டும் அந்தத் துளிப் பசையை இங்கே வைத்தால் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். வெள்ளிப் பூச்சு இரண்டு கை மெல்லியதாக. காவி, வெள்ளை, நடுவில் பச்சை என்ற வட்டச் சின்னத்தைத் தண்ணீரில் நனைத்து வழுக்கி இறக்கினேன். பார்வையில்லாதவருக்கு வர்ணம் எதற்கு என்று மனைவி கேட்டாள். அவர் வீட்டில் மற்றவர்களுக்குக் கண் இருக்கிறதே என்றேன்.

முழுவதும் காய மூன்று நாள் விட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன். நீளம் பதினைந்து சென்டிமீட்டர், டாங்கியோடு அகலம் பதினெட்டு. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. நான் வைத்தேன். முதலில் அசையவே இல்லை. பிறகு கட்டைவிரல் இரண்டும் இறக்கை ஓரமாக டாங்கி வரை போய், அங்கேயே நின்றன. வலது ஆள்காட்டி விரல் மூக்குக்கு வந்து வாய்க்குள் நுழையப் பார்த்தது, அடியில் இறங்கியது.

“ஒண்ணு, ரெண்டு... நாலும் இருக்கு தம்பி” என்றார்.

பேத்தி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். இந்தக் கோடு வரை ஒரு தகடு, இதைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும், குளிர்காலத்தில் இதைத் தொட்டால் விரல் எப்படி ஒட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்தக் குழந்தை ஒரு மணி நேரம் போனைத் தொடவில்லை. நான் போட்ட இழைக் கோட்டில் ஒன்றைத் தடவி, “இங்கே ரெண்டு தகடு சேரும், கரெக்ட்டா வெச்சிருக்கே” என்று அவர் சொன்னபோது, முப்பது வருஷ சர்வீஸில் எந்த அதிகாரியும் என் கோப்பில் எழுதாத குறிப்பு கிடைத்ததுபோல இருந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டார். “தம்பி, ஏணி எங்கே? பைலட் ஏறினதும் ஏணியை எடுக்கிற ஆள் நான்தானே.”

பெட்டியில் ஏணி வரவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட என்றால் நம் அளவில் இரண்டரை சென்டிமீட்டர், செய்துவிடலாம். “எத்தனை படிண்ணே?” என்றேன். கண்ணை மூடி, வலது காலை ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

இன்று காலை வரை சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக் குச்சிகளை மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன்.