பெல்மதுளையில் வீடு தேடுவோர்க்கு

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வீதியில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் பெல்மதுளையை அடைகின்றோம். கொழும்பு, பலாங்கொடை, எம்பிலிப்பிட்டி ஆகிய மூன்று திசை வீதிகளும் கூடும் சந்தி இது. மோட்டார் வாகனமில்லாத குடும்பம் இங்கு எவ்விடத்தில் குடியிருத்தல் நன்று?

முன்னாளில் புகையிரதமும் துணையிருந்தது. களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் பெல்மதுளைக்கு அப்பாலுள்ள ஓப்பநாயக்கவையும் எட்டியது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அது மூடப்படவே, பஸ் வண்டியே கதியாயிற்று.

தோட்டத்து மக்களுக்கோ இடந்தெரியும் உரிமையே இருந்ததில்லை. வேலைக்கு வசதியாகத் துரைமார் கட்டுவித்த லயமே அவர்தம் வீடு. பெருவீதி எத்தனை தூரமென்று எவரும் எண்ணினாரில்லை. அத்தூரத்தை நடந்து கழித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் நோயாளிகளுமே.

ஆதலின், இன்று காணி வாங்கவோ வாடகைக்கு வீடெடுக்கவோ முனைவோர், சுவரையும் கூரையையும் பார்க்குமுன் வழியை நடந்து பார்த்தல் வேண்டும். அதுவும் மழை நாளில், பிள்ளையையும் உடனழைத்துக்கொண்டு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நள்ளிரவில் வைத்தியசாலைக்குச் செல்வதெப்படி என்றும் விசாரித்தல் வேண்டும். வாடகை சற்றுக் கூடினும், வீதிக்கு அண்மையிலுள்ள வீடு முச்சக்கர வண்டிக் கூலியை மிச்சப்படுத்தும்.

முன்னோர்க்குக் கிட்டாத தெரிவு நமக்குக் கிட்டியுள்ளது. வீட்டுக்கு விலை பேசும்போது வழியையும் சேர்த்தே பேசுவோமாக.