புத்தகப்பையில் வரும் காகிதங்கள்

மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லாச்சப்பல் வீதிகளைச் சுற்றிவரும் நாட்களை ஒட்டியே பிரான்சில் புதிய பாடசாலை ஆண்டும் பிறக்கின்றது. சிதறுதேங்காய்ச் சிரட்டைகளை நகரசபை ஊழியர் கூட்டி அள்ளும் அதே காலத்திற் பிள்ளைகளின் புத்தகப்பைகளும் கனக்கத் தொடங்கிவிடுகின்றன. அப் பைகளுக்குள்ளே புத்தகங்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியதே இச் சிறு கட்டுரை.

ஆரம்பப் பாடசாலையை முடித்த பிள்ளை பதினொரு வயதளவிற் கொலேஜுக்குப் போகின்றது. அங்கே நான்கு ஆண்டுகள். 1975ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னர் வசதி உள்ளவன் பிள்ளைக்கும் இல்லாதவன் பிள்ளைக்கும் ஒரே வகையான கொலேஜ்தான். வகுப்புகளின் எண்ணிக்கை மட்டும் எம்மவர்க்குத் தலைகீழாகத் தோன்றும். ஆறாவதில் தொடங்கி ஐந்தாவது, நான்காவது என்று இறங்கி, மூன்றாவதிற் பரீட்சை எழுதி முடிக்க வேண்டும். "பேரன் ஆறிலையிருந்து அஞ்சுக்குப் போட்டான்" என்று தொலைபேசியிற் கேட்ட ஆச்சி ஒருவர், "ஐயோ, ஏன் பிள்ளையை இறக்கிப் போட்டாங்கள்?" என்று கவலைப்பட்டாராம். பிள்ளை சித்தியடைந்துதான் போகிறான் என்று ஆச்சிக்கு விளங்கவைக்க ஒரு தொலைபேசி அட்டை முழுவதும் செலவாயிற்று என்பர்.

ஊரிலே கல்லூரி என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது இல்ல விளையாட்டுப் போட்டியும், மாணவ தலைவர்களும், பரிசளிப்பு விழாவும். இங்கே இல்லங்கள் இல்லை. புதன்கிழமை பிற்பகலில் உடற்பயிற்சி ஆசிரியர்களே நடத்தும் விளையாட்டுச் சங்கம் உண்டு. அதில் எம்மவர் பிள்ளைகள் சேர்வது குறைவு. புதன் பிற்பகலில் வேறு வகுப்பு வைத்துவிடுகிறோம், அல்லது தம்பி தங்கையைப் பார்க்கச் சொல்லிவிடுகிறோம். மாணவ தலைவரை அதிபர் நியமிக்கும் வழக்கமும் இங்கில்லை. பாடசாலை தொடங்கி ஏழாவது கிழமை முடிவதற்குள் ஒவ்வொரு வகுப்பும் இரகசிய வாக்கெடுப்பால் இரண்டு பிரதிநிதிகளைத் தெரிவு செய்கின்றது. 2020 முதல் சுற்றுச்சூழலுக்கென ஒருவரையும் தெரிவு செய்கின்றார்கள். தவணை முடிவில் அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோர் பிரதிநிதிகளும் கூடி ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பேசும் வகுப்பு மன்றத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாக்குரிமை பெற்ற ஓர் அங்கத்தவர்போல அமர்ந்திருந்து தன் வகுப்புக்காகப் பேசலாம். அறுபது வயதிலும் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படும் எம்மவர்க்கு இது சற்று வியப்பான செய்திதான்.

மூன்றாவது வகுப்பிலே ஒரு கிழமை வேலைத்தலம் ஒன்றைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எம்மவர் பிள்ளைகளிற் பலர் அந்த ஐந்து நாட்களையும் போபூர் சன் தெனி வீதியில் மாமாவின் பலசரக்குக் கடையிற் கழிக்கின்றார்கள். மாமாவின் கடை நல்ல கடைதான். ஆனால், அந்தப் பிள்ளை அக் கடையைப் பிறந்த நாள் முதலாகப் பார்த்து வருகின்றது.

இச் செய்திகள் யாவும் காகிதமாகவோ, இணையவழி அறிவித்தலாகவோ வீட்டுக்கு வருகின்றன. ஆனால், வீட்டுக்கு வருவது வேறு, பெற்றோரிடம் வந்து சேர்வது வேறு. ஆரம்பப் பாடசாலை வாசலில் நாலரை மணிக்குத் தாய்மார் கூடுவர். ஒருவருக்கு விளங்காததை மற்றவர் சொல்லுவார். கொலேஜ் வாசலில் அந்தக் கூட்டம் இல்லை. பிள்ளை தானே போய்த் தானே வருகின்றது. அத்துடன் செய்தியின் வழியும் அடைபட்டுப் போகின்றது. மிச்சமாய் இருப்பது பிள்ளையின் வாய் ஒன்றே. பெற்றோருக்கெனத் தனியாகத் தரப்படும் இணைய இரகசிய எண்ணும் பிள்ளையின் கைத்தொலைபேசியிலேயே இருப்பதால், தன் வரவின்மைக்குத் தானே காரணம் எழுதித் தானே மன்னித்துக்கொண்ட ஒரு கெட்டிக்காரனைப் பற்றியும் லாச்சப்பலிற் கதை உண்டு. சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாக் காகிதமும் சிரிக்கத்தக்கதல்ல.

18ஆம் வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தில் நடந்தது இது. தந்தைக்கு உணவகத்திற் சமையல் வேலை. நடுச்சாமத்தில்தான் வீடு திரும்புவார். தாய் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். ஒரே மகள், 2023ஆம் ஆண்டு ஐந்தாவது வகுப்பில் இருந்தாள். படிப்பிற் சுட்டி. அந்த ஐப்பசியில் வகுப்புப் பிரதிநிதியாகவும் தெரிவானாள். வீட்டிற் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கேன் பிள்ளை ஊர் வேலை, படிக்கிற வேலையைப் பார்" என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வரும் காகிதத்தை மேசையில் வைத்து, இன்னது என்று ஒரு வரியிற் சொல்லுவாள். தந்தை சாப்பிட்டுக்கொண்டே ஒப்பம் இடுவார். ஏழு வயது முதல் வங்கிக் கடிதத்தையும் வாடகைக் கடிதத்தையும் வாசித்துச் சொன்ன பிள்ளை. அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அந்த ஆண்டுதான் பிரான்சு அரசு கொலேஜ்களின் ஐந்தாவது வகுப்பு மாணவ மாணவியர்க்குப் பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசியைப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடத் தொடங்கியது. அதற்குத் தாய் தந்தை இருவரதும் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும். படிவமும் விளக்கத் தாளும் எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுக்கப்பட்டன. அந்தப் பிள்ளை தாளை வாசித்தாள். பாலுறவாற் பரவும் நோய் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வசனத்தைத் தமிழிற் சொல்வதற்கு அவளிடம் சொல் இல்லை. சொல் இருந்திருந்தாலும், சோற்றுக் கோப்பையுடன் இருக்கும் அப்பாவிடம் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை அதை எப்படிச் சொல்லுவாள்? அவள் பொய் சொல்லவில்லை. படிவத்தைக் கணிதக் கொப்பிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

ஊசி போடும் குழுவினர் வந்த நாளில், ஒப்புதல் கொடுத்தவர்களைப் பெயர் கூப்பிட்டு அழைத்துச் சென்றார்கள். ஊசி போட்டபின் கால் மணித்தியாலம் இருத்திவைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். வகுப்பில் எஞ்சியவர்களுள் தமிழ்ப் பிள்ளைகள் மூவர் இருந்தனர். பிரதிநிதியான அவளிடம் இன்னொரு மாணவி, "உங்கள் சமயத்தில் ஊசி கூடாதோ?" என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால், பதில் சொல்லத் தெரியவில்லை. சைவத்தில் அப்படி ஒரு விலக்கும் கிடையாது என்பது இப் பத்திரிகையின் வாசகர்கள் அறிந்ததே.

இங்கே மருத்துவ விளக்கம் சிறிது வேண்டும். பப்பிலோமா என்பது ஒரு வைரசன்று. ஒரு பெருங் குடும்பம். அவற்றுட் சில, கர்ப்பப்பைக் கழுத்திற் பல ஆண்டுகள் தங்கியிருந்து புற்றுநோயை உண்டாக்குகின்றன. இதை நிறுவிய ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்களுக்கும் இவ் வைரசால் தொண்டையிலும் பிற இடங்களிலும் புற்றுநோய் வரலாம். ஆதலால், பிரான்சில் 2021 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகின்றது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரை இரண்டு ஊசி போதும். பதினைந்து பிறந்துவிட்டால் மூன்று வேண்டும். வைரசு உடலுட் புகுமுன் போட்டாற்றான் முழுப் பயன் என்பதாலேயே இத்தனை இளவயதிற் போடுகின்றார்கள். "இந்த வயதிலை இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இதுவே பதில். பிள்ளையின் நடத்தையைப் பற்றிய சந்தேகம் எதுவும் இதில் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2007 முதலே பாடசாலைகளிற் போடுகின்றார்கள். அது போகட்டும், எங்கள் இலங்கையிலேயே 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குப் பாடசாலையிற் போட்டு வருகின்றார்கள். ஊரில் இருக்கும் மருமகளுக்குக் கிடைத்தது பாரிஸில் இருக்கும் மகளுக்குக் கிடைக்காமற் போவது விசித்திரந்தான்.

விடயம் வெளியே வந்தது மருந்தகத்தில். தந்தையின் நீரிழிவுக் குளிசை வாங்கப் போன தாயிடம், அங்கு வேலை செய்யும் தமிழ்ப் பெண் சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா, உங்கட மகளும் அஞ்சாவதுதானே? ஊசி போட்டாச்சோ?"

"என்ன ஊசி தங்கச்சி?"

அவள் மெதுவாக, வரிசையில் நிற்பவர்க்குக் கேளாதபடி, தமிழிற் சொன்னாள். கர்ப்பப்பைக் கழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் தாய் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருடைய மூத்த சகோதரி வடமராட்சியில் நாற்பத்திரண்டு வயதில் இறந்தது அந்த நோயாற்றான். இடப்பெயர்வுக் காலம், இரத்தப்போக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, வைத்தியசாலைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. "பெரியம்மா காய்ச்சலிலை செத்தவ" என்றே மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்றிரவு தாய் மகளை ஏசவில்லை. கணிதக் கொப்பியிலிருந்து படிவம் வெளியே வந்தது. பெரியம்மாவுக்கு என்ன நடந்தது என்று தாய் சொன்னார், மகள் கேட்டாள். பிறகு மகள் ஒன்று கேட்டாள்: "இதை நீங்கள் எனக்கு முந்திச் சொல்லியிருந்தால், நான் உந்தப் பேப்பரை ஒளிச்சிருப்பனே, அம்மா?" தாயிடம் பதில் இல்லை. நடுச்சாமத்தில் வந்த தந்தைக்கு விளக்கும் பொறுப்பைத் தாயே எடுத்துக்கொண்டார். அவர் கேட்டுவிட்டு, "இதை ஏன் குழந்தைப் பிள்ளையிட்டை வாசிக்கக் குடுத்தனாங்கள்?" என்று மட்டும் சொன்னாராம். இந்தக் கேள்வியை மேலும் சில வீடுகளிற் கேட்டுப் பார்க்கலாம்.

பாடசாலை ஊசி தவறிவிட்டது. ஆனால், வழி அடைபடவில்லை. குடும்ப வைத்தியரும் மருத்துவிச்சியும் மருந்தாளரும் போடலாம். செலவில் 65 சதவீதத்தை நோய்க் காப்புறுதி தரும். மிகுதியை மேலதிகக் காப்புறுதி பெரும்பாலும் தரும். எஞ்சிய மற்ற இரு பிள்ளைகளின் தாய்மாரையும் அந்தத் தாயே தேடிப் போய்ச் சொன்னார். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். யோசனை இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

வகுப்புப் பிரதிநிதி என்ற செய்தியும் அந்த இரவிற்றான் வீட்டில் வெளிப்பட்டது. மார்கழியில் நடந்த வகுப்பு மன்றத்தில் அவள் சொன்ன விடயங்களுள் ஒன்று: சுகாதாரப் படிவங்களைப் பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்துவிடாமல், பிரெஞ்சு தெரியாத பெற்றோரை மொழிபெயர்ப்பாளருடன் ஒருமுறை அழைத்துப் பேசவேண்டும் என்பது. ஆசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள். அழைத்தால், எம்மவர் போகவேண்டுமே என்பதுதான் மிச்சக் கவலை. பெற்றோர் சந்திப்பு மாலையில் ஆசிரியர் காத்திருக்க, வெறுமையாய்க் கிடக்கும் கதிரைகளில் எம்மவர்க்கு உரியவை எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் அறிவர். வேலை விட முடியாதென்பது உண்மைதான். திருவிழாவுக்கு விடுமுறை எடுக்கத் தெரிந்தவர்களே அப்படிச் சொல்லும்போதுதான் சற்று இடிக்கின்றது.

இன்னொரு காகிதமும் உண்டு. மகளின் படிவத்தைத் தேடி அலுமாரித் தட்டைக் கிளறியபோது, தாயின் பெயருக்கே வந்த கடிதம் ஒன்று உடைக்கப்படாமல் அகப்பட்டது. இருபத்தைந்து முதல் அறுபத்தைந்து வயது வரையான பெண்களைக் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கும் கடிதம் அது. முப்பது வயதின்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாற் போதும். பெண் மருத்துவிச்சியிடமே செய்யலாம். பரிசோதனை சில நிமிடங்கள்தான். விளம்பரக் கடிதம் என்று நினைத்து மகள் அதை ஒருபுறம் வைத்திருந்தாள்.

தாய் தைமாதத்தில் மருத்துவிச்சியிடம் போனார். மகள் கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டு, மருந்தகத்துத் தமிழ்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனார். முடிவு தபாலில் வந்தது. குறை எதுவும் இல்லை. அடுத்த பரிசோதனைத் தேதி 2029 என்று எழுதியிருந்தபடியால், எந்த நாட்காட்டியிலும் குறிக்க முடியவில்லை. கடிதத்தைச் சுவாமித் தட்டில், விநாயகர் படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கின்றார்.