கண்டக்குழியில் ஒரு மொறிஸ் மைனர்

கார் வாங்கச் செல்கின்றவர் பஸ்வண்டியில் ஏறுவது இயல்பே. ஆனால், பார்க்கப்போகும் கார் திரும்புகாலில் எம்மை ஏற்றிக்கொண்டு வரமாட்டாது என்பதை முன்னரே நன்கறிந்துகொண்டுதான் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாம் புத்தளத்திற் பஸ் ஏறினோம். உடன் வந்தவர் இருவர். ஒருவர் எம் இல்லாள். காரை வாங்கவிடாது தடுக்கும் பொருட்டு வந்தவர். மற்றவர் நானா, அது வாங்கத் தக்கதுதானா என்று பார்த்துச் சொல்லும் பொருட்டு வந்தவர். எழுபத்தாறு வயதான மெக்கானிக். எம் ஊரார் யாவரும் அவரை நானா என்றே அழைத்தனர். நாமும் சிறுவயது முதல் அவ்வாறே அழைத்து வருகின்றோம்.

கொழும்பு வீதியிற் சிறிது தூரம் சென்று, பாலாவிச் சந்தியில் வலப்புறம் திரும்பியதும் நிலமே மாறிவிடுகின்றது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். நடுவே ஒடுங்கிய மணற்றரை. அம்மணலிலே கிணற்றுநீரைப் பாய்ச்சி மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கின்றனர். வழியில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் வருகின்றது. 2011ஆம் ஆண்டில் முதற்பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பகுதிகளும் நிறைவெய்தி 900 மெகாவாற்று ஆற்றல் பெற்ற நிலையம் அது. அதன் புகைபோக்கியைத் தென்னைகளுக்கு மேலாக நெடுந்தூரம் பார்த்துக்கொண்டே செல்லலாம். பின்னர் தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குத் திரும்பும் சந்தி. அப்பாற் சென்றால் ஒல்லாந்தர் 1667இற் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கும் கற்பிட்டி. நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. கற்பிட்டி நகரை எட்டுமுன் இறங்கி, முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்துக் கண்டக்குழிக்குட் புகுந்தோம்.

கண்டக்குழி மீனவர் ஊர். கிடுகு வேய்ந்த வாடிகள், வெயிலில் விரித்த வலைகள், கரையேற்றிய படகுகள், எங்கும் மீன்வாடை. அண்மைக்காலத்தில் இவற்றோடு வேறொரு காட்சியும் சேர்ந்துள்ளது. பெரும் பட்டமொன்றைக் காற்றில் ஏற்றி, அதன் கயிற்றைப் பிடித்தவாறு பலகையில் நின்று நீரின்மேற் சறுக்கும் வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக இங்கு வருகின்றனர். அவர்களுக்கு வேண்டியது காற்று. இவ்வூரிற் காற்றுக்கு என்றும் பஞ்சமில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் ஓயாது வீசும்; மார்கழி முதல் மாசி வரை மறுபுறக் காற்று. அப்பிரயாணிகளுக்கு விருந்தான இக்காற்று, இரும்புக்கு எமன். கடற்காற்றிலுள்ள உப்பு தகட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, இரவின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றது. அவ்வீரத்திற் கறள் பிடிக்கும் வேகம், உள்நாட்டிற் பிடிப்பதைப்போலப் பன்மடங்கு. துரு என்பதை எம் ஊரிற் கறள் என்பர். சொல்லே பல்லிற் கரகரப்பது போலிருக்கும்.

கார் ஒரு கிடுகுக் கொட்டகையில், உடைந்த படகொன்றின் பக்கத்தில் நின்றது. 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். ஒரு காலத்தில் வெளிர்பச்சையாக இருந்திருத்தல் வேண்டும். நான்கு சில்லுகளும் காற்றிழந்து மணலிற் புதைந்திருந்தன. பின்னாசனத்திற் கோழியொன்று அடை கிடந்தது. இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ எழுத்து. 1957இல் அவ்வெழுத்து நடைமுறைக்கு வந்தபொழுதும், மறுவருடமும், எம்மவர் அதன்மேல் தார் பூசி நடத்திய போராட்டத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இங்கே அவ்வேலையைக் கறள் தானாகவே அரைவாசி முடித்திருந்தது.

மொறிஸ் மைனரை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சில சொற்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த கார் இது. 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் முன் வந்தது. செய்து முடித்த மாதிரிக் காரின் அகலம் போதாதென்று இசிகோனிஸின் கண்ணுக்குப் பட்டதாம். உடனே அதனை நீளவாட்டில் இரு பாதியாக அறுத்து, பாதிகளைச் சற்றே விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டிய பின்னரே அவர் மனம் நிறைந்தது. பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அவ்வறுவையின் தழும்பே. கம்பனியின் தலைவர் நவ்பீல்ட் பிரபு இக்காரை வெந்த முட்டையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பர். இகழப்பட்ட அம்முட்டை 1960ஆம் ஆண்டின் முடிவிற் பத்து இலட்சத்தைத் தொட்டது. உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கத்தில் 16 இலட்சத்தைக் கடந்திருந்தது. இலங்கையிற் பாடசாலை அதிபர்களும் வைத்தியர்களும் தபாலதிபர்களும் பெருமையோடு ஓட்டிய கார் அது. 1990களில் இந்நாட்டிலேயே மைனரின் உடற்றகடுகளை அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலும் நடந்தது என்றால், இவ்வண்டிக்கும் இத்தீவுக்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ!

எம் தந்தையாரிடமும் ஒன்று இருந்தது. வண்ணார்பண்ணை வீட்டு மாமரத்தின் கீழ் அது நிற்கும். அவரும் ஆசிரியரே. அக்காரைப் பழுது பார்ப்பவர் நானா. ஐந்துசந்திப் பக்கத்தில் அவருடைய சிறிய கராஜ். 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அந்நாளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை எம் தலைமுறையினர் எவரும் மறந்திருக்கமாட்டார். பழைய கார்களின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. ஆதலால் அவை மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே, சேலைன் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் அடுப்படி வாடையும்! புதுப்புதுக் கார்களெல்லாம் கொட்டிலில் உறங்க, மைனரும் ஒஸ்ரினும் ஓடித்திரிந்த விசித்திரக் காலம் அது.

அந்த ஒக்டோபரில் எம் கார் நானாவின் கராஜில் நின்றது. காபரேற்றரைக் கழற்றி மண்ணெண்ணெய்க்கு ஏற்பச் சீர்செய்துகொண்டிருந்தார். 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறிவிடவேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். வடக்கெங்குமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். அந்த இரண்டு மணித்தியாலத்தினுள் நானா சைக்கிளில் எம் வீட்டுக்கு வந்தார். கழற்றிய காபரேற்றரைச் சாரத்துணியொன்றிற் சுற்றி எம் கையிற் கொடுத்து, "அப்பாட்டைக் குடுங்கோ தம்பி, ஒரு ஆணியும் குறையேல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அப்பொழுது எமக்கு வயது பத்து. படலையில் அயலவர் நால்வர் ஐவர் நின்றனர். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபரில் நாமும் இடம்பெயர்ந்தோம். அப்பேத்தியாரை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் மண்ணெண்ணெயிலேயே தென்மராட்சி வரை ஊர்ந்து சென்றது. சாவகச்சேரியில் உறவினர் வளவொன்றில் அதனை விட்டோம். 2000ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரோடு அதுவும் அழிந்தது. தந்தையார் இறுதி நாட்களில் நினைவு தடுமாறிய வேளைகளில், "கார் எங்கை நிக்குது?" என்று கேட்பார். புத்தளத்துக்கு மாற்றலாகி வந்ததும் நாம் முதலில் தேடிச் சென்றவர் நானாவே. ஆகையால், கண்டக்குழியில் ஒரு மைனர் விலைக்கு நிற்கிறது என்று அவர் சொன்னவுடன் எம் மனம் பட்ட பாட்டை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இல்லாளின் கட்சியும் வலிமை குன்றியதன்று. சீட்டுக் கட்டிச் சேர்த்த ஆறு இலட்சம் ரூபாய், மகள் பல்கலைக்கழகம் சென்றால் விடுதிச் செலவுக்கென்று ஒதுக்கியது. உரிமையாளர் கேட்டதோ நாலரை இலட்சம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின், ஓடாத இரும்புக்கும் யானை விலை. 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தும் பழங்கார் விலை இறங்கக் காணோம். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்து நின்ற குடும்பம் எமது. "ஓடுற காருக்கே எண்ணெய் இல்லாமக் கிடந்தனாங்கள், ஓடாததை ஏன் இப்ப?" என்ற கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலிற் படுத்தார். கையில் ஒரு பழைய திருப்புளி. வெளியே தெரியும் கறளை அவர் பார்க்கவேயில்லை. கதவு, மட்காட், பொனற் யாவும் கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றில் ஓட்டை விழுந்தாற் காசு போகும், கார் போகாது என்றார். மைனருக்குத் தனிச் சசி கிடையாது, உடலே எலும்புக்கூடு. ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றாக இருந்தால், சசி தனியே கனத்த இரும்பிற் கிடக்கும். மேலுடல் இற்றாலும் அடி தாங்கும். மைனரிற் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகள், முன்னே எஞ்சினைத் தாங்கும் இரு கால்கள், பின்வில்லுகள் பொருந்தும் இடங்கள், நடுவே குறுக்கே செல்லும் தாங்கி ஆகியவையே உயிர்நிலை. அவ்விடங்களைத் திருப்புளியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல தகடு கணீரென்னும், இற்றது பொத்தென்னும். நாமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கணீர் என்ற ஓசை இரண்டே இடத்திற் கேட்டது.

இடப்பக்கத்துப் பெட்டித் தகட்டில் திருப்புளியின் கூரை வைத்து மெல்ல அழுத்தினார். பிஸ்கோத்தில் இறங்குவதுபோல் இறங்கிற்று. உள்ளிருந்து மணல் கொட்டியது. பல்லாண்டாகக் காற்று உள்ளே சேர்த்த மணல். உப்பீரத்தைப் பஞ்சுபோல் வைத்திருந்து உள்ளிருந்தே தின்றிருக்கின்றது. முன்சில்லைக் கீழே தாங்கும் திருகுமூட்டையும் ஆட்டிப் பார்த்தார். கிறீஸ் காணாது தேய்ந்தால், ஓடும்பொழுதே சில்லு மடிந்து கார் மூக்குக் குத்திவிடும். மைனருக்கே உரிய நோய் அது.

அடுத்து, புத்தகம். வாகனத்தை வாங்குகின்றவன் வாங்குவது இரும்பையன்று, பதிவுப் புத்தகத்தையே என்பது நானாவின் கொள்கை. இக்காரின் புத்தகம் இருந்தது. ஆனால், காலஞ்சென்ற ஒருவர் பெயரில். அவருடைய மக்கள் மூவரும் ஒப்பமிட வேண்டும், ஒருவர் கனடாவில்.

உரிமையாளரின் மகன் வந்தார். கரையிலே பிரயாணிகளுக்கு விடுதி நடத்தும் இளைஞர், நல்ல பண்புடையவர், எமக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாம் வாங்காவிட்டால் என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டோம். முன்பாதியை அறுத்து எடுத்து, விடுதி வாசலில் வரவேற்பு மேசையாக வைக்கப் போவதாக மலர்ந்த முகத்தோடு சொன்னார். முகவிளக்குகளில் மின்குமிழ் பூட்டினால் வெள்ளைக்காரர் நின்று படம் எடுப்பார்களாம். அக்கணத்தில் ஆறு இலட்சத்தையும் கொடுத்துவிடலாம் என்றே எமக்குத் தோன்றிற்று. இல்லாள் எம் முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. அதுவும் எமக்குப் பயமாகவே இருந்தது.

நானாவைத் தனியே அழைத்துக் கேட்டோம். ரிங்கர் வேலையும் தகடும் மட்டும் எட்டு இலட்சம். எஞ்சின், ஆசனம், வர்ணம் வேறு. இரண்டு வருடமாவது செல்லும் என்றார். "நீங்களே செய்து தருவீர்களா?" என்றோம். உண்மையைச் சொல்வதானால், காரைவிட அவ்வேலையை அவர் கையிற் கொடுக்கவேண்டும் என்பதே எம் ஆசை. 1990இற் கராஜை இழந்தவர் பின்னர் சொந்தமாக ஒன்றை வைக்கவேயில்லை. பிறரிடமே கூலிக்குச் செய்தார். அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆசைதான் தம்பி. ஆனா ஒரு கண் புகைச்சல். ஒட்டு வேலைக்கு இனி நான் சரிவரமாட்டன். வேற ஆளிட்டைக் குடுத்தா உங்களை முடிச்சுப்போடுவான். வேணாம்." சற்றுப் பொறுத்து, "எஞ்சின் மட்டும் பழுதில்லை" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டவர் நாமல்லர்; எம் இல்லாளே. மேசைக்கு எஞ்சின் எதற்கு என்று அவ்விளைஞரைக் கேட்டவர் அவர்தாம். அவரும் தலையைச் சொறிந்து, எதற்குமில்லை என்று ஒப்புக்கொண்டார். நாற்பதினாயிரத்துக்குப் பேச்சு முடிந்தது. கோழியை எழுப்பாமலே இறக்கிக்கொள்ளலாம் என்று நானா உறுதி கூறினார். திரும்பும் வழியிற் கண்டக்குழிச் சந்தியிற் கருவாடு வாங்கினோம். அன்றைய கூலியாக நானா ஏற்றுக்கொண்டது கட்டாக்கருவாட்டுப் பொதி ஒன்றையே.

எஞ்சின் இப்பொழுது எம் வீட்டு விறாந்தையில் இருக்கின்றது. பிஸ்டன்கள் இறுகி ஒட்டிக்கொண்டிருப்பதால் நானா உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருக்கின்றார். ஞாயிறுதோறும் வந்து, சுழல்தண்டின் முனையில் நீண்ட சாவியைப் பூட்டி அசைத்துப் பார்ப்பார். மகள் அருகில் அமர்ந்து, கழற்றிய ஆணிகளை யோகட் கோப்பைகளில் இட்டு ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி ஒட்டுவாள். சென்ற வாரம் கால்வாசிச் சுற்று அசைந்தது. வீடெங்கும் மண்ணெண்ணெய் வாடை. இல்லாள் விறாந்தையைக் கூட்டும்பொழுது அதனைச் சுற்றிக் கூட்டுகின்றார்.