கதைக்கு முந்திய வெளிச்சம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பமும் முதலியார்சாவடியும் தாண்டியதும் பொம்மையார்பாளையம் வருகிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும். மேற்கே முந்திரித் தோப்புகள், பனைகள், ஆரோவில் மேட்டிலிருந்து இறங்கும் செம்மண் ஓடைகள். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்துக்கும் இந்த ஊருக்கும் நெடுங்கால உறவு உண்டு.

ஒரு திரைப்படத்தின் கலைப் பிரிவைச் சேர்ந்த ஓவியர்களுடன் இங்கே வந்தேன். ஒரு மீனவக் குடும்பத்தின் இரண்டு தலைமுறைக் கதை அது. திரைக்கதை இன்னும் பாதியில் நிற்கிறது. நடிகர்கள் முடிவாகவில்லை, தேதிகளும் குறிக்கப்படவில்லை. அந்த நிலையிலேயே இவர்களுடைய வேலை தொடங்கிவிடுகிறது. அந்தக் குடும்பம் எந்த வெளிச்சத்தில் வாழ்கிறது, எந்த மண்ணை மிதிக்கிறது, காற்றில் எவ்வளவு ஈரம், வானம் எவ்வளவு தாழ்வு என்பதையெல்லாம் ஆள் முகம் ஒன்றுகூட வரையாமல் சொல்லிவிட வேண்டும். தொழிலில் இதை கான்செப்ட் ஆர்ட் என்கிறார்கள். அதிலும் இந்த முதல் கட்டப் படங்களுக்கு மூட் பெயின்டிங் என்று பெயர்.

குழுவின் மூத்த ஓவியர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த பெண். சென்னையில் டேப்லெட்டில் ஃபோட்டோஷாப் வைத்து வரைபவர். களத்துக்கு வரும்போது மட்டும் போஸ்டர் கலர் புட்டிகளும் கார்ட்ரிட்ஜ் தாளும் எடுத்து வருகிறார். திரையில் வரைந்தால் பிழையை உடனே அழித்துவிடலாம், அந்த வசதி இங்கே கெடுதல் என்கிறார். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் எது முக்கியம் என்று கண் முடிவு செய்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கை எதை விட்டுவிடுகிறதோ, அது படத்துக்கும் தேவைப்படாது.

அவர் வேலை செய்யும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் உள்ளங்கை அளவுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே அடர்த்தி: கருமை, நடுச்சாம்பல், வெளிர். படகு, கரை, வானம் மூன்றும் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். எது கருமை, எது வெளிர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். படகைக் கருக்கி வானத்தை வெளுக்கவிட்டால் விடியலின் பரபரப்பு. கரையை வெளுக்கவிட்டு வானத்தைக் கருக்கினால் அதே இடத்தில் புயலுக்கு முந்திய அச்சம். நிறம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கடைசியாக, அளவு தெரிய ஓர் ஆள் உருவம், இரண்டே தீற்றல். “இலை எண்ண ஆரம்பிச்சிட்டோம்னா அந்தப் படத்துல மூட் போயிடுச்சுன்னு அர்த்தம்” என்று உடன் வந்த இளம் ஓவியரிடம் சொன்னார். “சரிக்கா” என்று அவர் பெரிய தூரிகைக்கு மாறிக்கொண்டார்.

இலை எண்ணக் கூடாது என்ற பாடத்துக்குத் திரையுலகில் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1942இல் வெளிவந்த டிஸ்னியின் ‘பாம்பி’ தயாராகிக்கொண்டிருந்தபோது, பின்னணிக் காடு நுணுக்கங்களால் நிறைந்து, மான்குட்டி அதில் காணாமல்போய்க்கொண்டிருந்தது. அங்கே கடைநிலை வேலையில் இருந்த சீன அமெரிக்கர் டைரஸ் வோங், சுங் காலச் சீன ஓவியங்களின் வழியில், பனிமூட்டத்துக்குள் கரைந்துபோகும் காடுகளைத் தானாகவே வரைந்து காட்டினார். படம் முழுவதும் அந்தக் காட்டுக்குள் நடக்கட்டும் என்று முடிவானது. பெயர்ப் பட்டியலில் அவருக்குக் கிடைத்ததோ பின்னணி ஓவியர்களில் ஒருவர் என்ற இடம்தான். அவர் செய்தது என்ன என்பது உலகுக்குப் பரவலாகத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம்மிடமும் இந்தத் தொழிலுக்கு நீண்ட வம்சம் உண்டு. நாடகக் கம்பெனிகளுக்குத் தர்பார், காடு, தெரு என்று சீன் படுதாக்கள் எழுதிய ஓவியர்கள்தான் இவர்களுடைய முன்னோர். காலண்டர் ஓவியங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கோவில்பட்டி கொண்டையராஜு, முன்பு நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவர். ‘சந்திரலேகா’வின் கலை இயக்குநர் ஏ.கே. சேகர், பூம்புகாரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற பி. கிருஷ்ணமூர்த்தி, தோட்டா தரணி என்று அந்த வரிசை நீள்கிறது. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தாராவியின் சந்துகளைச் சென்னையில் எழுப்பினார் தோட்டா தரணி. கலை இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு மூன்றுக்கும் அந்தப் படம் தேசிய விருது பெற்றது. இம்மூன்றும் ஒரே படத்தில் கூடியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சூழல் சரியாக அமைந்துவிட்டால் வெளிச்சம் விழ வேண்டிய இடம் ஒளிப்பதிவாளருக்குத் தெரிகிறது, நிற்க வேண்டிய இடம் நடிகருக்குத் தெரிகிறது.

பொம்மையார்பாளையத்துக்கு வருவோம். சென்னை அலுவலகத்தில் ஒட்டிவைத்திருந்த ரெஃபரன்ஸ் படங்களையும் குழு கொண்டுவந்திருந்தது. இணையத்தில் எடுத்தவை சில. செயற்கை நுண்ணறிவிடம் ‘மீனவக் கிராமம், மாலை நேரம், சோகம்’ என்று கேட்டு வாங்கியவை சில. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவற்றை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, சூரியன கடலுக்குள்ள வுட்டுட்டீங்க? நம்ம கடல்ல அது எழும். விழறது அந்தாண்ட, முந்திரித் தோப்புல.”

“ஆமா தாத்தா. இது எங்கயோ மேக்குக் கரைப் படம்” என்றார் ஓவியர். அந்தப் படங்களை அதோடு பைக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியே எடுக்கவில்லை.

இந்தச் சின்னத் திருத்தம் படத்தின் நிறத்திட்டத்தையே மாற்றிவிட்டது. சோழமண்டலக் கரையில் மாலை என்பது கடலில் நெருப்புக் கோளம் இறங்கும் காட்சி அல்ல. வெயில் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. பனைகளின் நிழல் கடலை நோக்கி நீள்கிறது. நீரின் மினுக்கம் சீக்கிரமே அணைந்து, கடல் ஈயத்தின் நிறத்துக்கு வருகிறது. சூரியன் மறைந்ததும் கிழக்கு அடிவானில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று மெல்ல எழும்புகிறது. அது பூமியின் நிழலே. அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கலந்து இருட்டிவிடும். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் நிற்பவள் இருள் வருவதைப் பார்க்கும் திசையும், கடலைப் பார்க்கும் திசையும் இங்கே ஒன்றுதான். கதைக்குத் தேவையான காத்திருப்பு முழுதும் அந்த வானத்திலேயே இருக்கிறது என்று ஓவியர் சொன்னபோது, தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. கருப்பொருளான மீனும் பறவையும் மரமும் அடுத்து வருகின்றன, உரிப்பொருளான உணர்வு அவற்றின் மேல் நிற்கிறது. ஓவியரின் மேசையிலும் அதே வரிசை.

பிறகு சாலையைத் தாண்டி மேற்கே போனோம். அங்கே செம்மண் மேடு மழைநீரால் அறுபட்டு, ஆளுயரத்துக்கும் மேலான சுவர்களாகவும் கூம்புகளாகவும் நிற்கிறது. வானூர் வட்டத்திலேயே இருக்கும் திருவக்கரையில் கல்லான மரங்கள் கிடைக்கும் கடலூர் மணற்கல் படிவம்தான் இங்கும். கோடிக்கணக்கான ஆண்டு வயதுடையது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் பெரும்பாலும் பொட்டலாகக் கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் ஓடைவழியே கடலுக்குப் போனது. வரப்பு கட்டியும் மரம் நட்டும் அதை மட்டுப்படுத்தினார்கள். ஆனால் பெருமழைக்குப் பிறகு இன்றும் கரையோரக் கடல் செந்நிறமாகத் தெரியும்.

வெளிச்சத்துக்கு இந்தச் செம்பள்ளங்களில் தனிக் குணம் உண்டு. ஒரு சுவரில் பட்ட வெயில் எதிர்ச்சுவரின் நிழலுக்குள் சிவப்பாகத் தெறிக்கிறது. வழக்கமாக நிழலுக்குப் பூசும் நீலம் இங்கே பொய்யாகிவிடும். நிழலிலும் சிவப்பை, அதுவும் அடங்கிய சிவப்பை வைக்க வேண்டும். ஓவியர் பர்ன்ட் சியன்னாவில் துளி இண்டிகோ சேர்த்து மூன்று முறை கலந்து, மூன்றையும் தாளின் ஓரத்தில் தீட்டிப் பார்த்தார். கதையில் வரும் சிறுவன் ஒளிந்துகொள்ளும் இடம் இது. வெளியே கடற்கரையின் நிறங்கள் எல்லாம் ஆறிப்போய்க் கிடக்க, இங்கே நிழல்கூட வெதுவெதுப்பாக இருந்தால், அவன் ஏன் இங்கே ஓடிவருகிறான் என்பதற்கு வசனம் தேவைப்படாது.

கிழக்கே ஊரின் ஓரத்தில் இன்னோர் அரிப்பு. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர்கள் அதைத் தடுத்ததும், வடக்கேயுள்ள கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலை எடுத்துக்கொண்டு போவதை ஈடுகட்ட எதுவுமில்லாமல் கரை தேய்ந்தது. ஒரு குப்பத்துக்குக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அப்படி வடக்கே நகர்ந்து வந்த அரிப்பு பொம்மையார்பாளையத்தில் வீடுகளையும் தின்றது. மேற்கே மழை நிலத்தை அறுக்கிறது, கிழக்கே கடல் நிலத்தை எடுக்கிறது. நடுவில் ஊர்.

அங்கே பாதி விழுந்த ஒரு வீட்டின் முன் ஓவியர் வெகுநேரம் உட்கார்ந்தார். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர், மாடம், கடலைப் பார்த்துத் திறந்துகிடக்கும் அடுப்படி. அலையை அவர் வரையவேயில்லை. உள்சுவரின் நீலத்தைக் கடலின் நீலத்தைவிடச் சற்றே பிரகாசமாக வைத்தார். பார்க்கிற கண் முதலில் வீட்டுக்குத்தான் போகும், அதற்குப் பிறகே கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று திடுக்கிடும். அவலத்தைக் கூட்டிக் காட்டாமல் இருப்பது அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்றார்.

பெரியவர் அந்தப் படத்தையும் பார்த்தார். “இது இப்ப இருக்கிற கரை. அப்ப கட்டுமரமெல்லாம் வரிசையா ஏத்திப் போட்டிருப்போம். அதுக்கும் இந்தாண்ட புள்ளைங்க வெளயாடும். மணல்ல நடந்தா கால் சுடும், தண்ணிக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிப்போம்” என்றார். திரைக்கதையில் முதல் தலைமுறைப் பகுதிக்கு ‘பழைய கடற்கரை’ என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டு, அடம்பங்கொடி எங்கே படர்ந்திருந்தது, கருவாடு எங்கே காய்ந்தது, வெயில் எந்தப் பக்கம் முதலில் ஏறும் என்று சொல்லச் சொல்ல, அந்த அகலமான கரை தாளில் உருவானது. முக்கால் பங்கு மணல். கடல் மேலே மெல்லிய கோடு. இரண்டு ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டு தலைமுறைக் கதை வசனமில்லாமல் நின்றது.

சென்னையில் இந்தப் படங்கள் கதை வரிசையில் சுவரில் ஏறும். ஒளிப்பதிவாளர் எந்த நேரத்தில் படமெடுப்பது என்று அவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பார். உடை வடிவமைப்பாளர் எந்தச் சாயம் மண்ணோடு கலந்துபோகும், எது தனித்து நிற்கும் என்று பார்ப்பார். தச்சர்களும் மோல்டிங் ஆட்களும் பெயின்டர்களும் அந்த நீலச் சுவரைத் தங்கள் கையால் எழுப்புவார்கள். வரைகலைக் குழு இல்லாத மணலைக் கணினியில் நிரப்பும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தை மனத்தில் வைத்து உழைக்க அந்தச் சில தாள்கள் போதும்.

அடுத்து அந்தத் தாள்கள் எங்கே போகும் என்று கேட்டேன். சுவரிலிருந்து கழற்றுவார்கள், ஸ்கேன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், படம் வெளியாகும்வரை யாருக்கும் காட்ட முடியாது, வெளியானதும் யாரும் கேட்பதில்லை என்றார்கள். இதே வட்டாரத்தில் இதற்கு மாறான உதாரணம் ஒன்று உண்டு. 2011 தொடக்கத்தில் ஆங் லீ புதுச்சேரியில் ‘லைஃப் ஆஃப் பை’ படமாக்கினார். அதற்கு முன்பே ஓவியர் அலெக்சிஸ் ராக்மேனைக் கடலின் உயிர்களையும் இருளில் ஒளிரும் நீரையும் நீர்வண்ணத்தில் வரையச் செய்திருந்தார். அந்த ஓவியங்கள் 2013இல் நியூயார்க்கின் டிராயிங் சென்டரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு படத்தின் கடல் எப்படிப் பிறந்தது என்று பொதுமக்கள் நின்று பார்த்தார்கள்.

நம் தயாரிப்பாளர்களிடமும் இயக்குநர்களிடமும் நான் வேண்டுவது மூன்று. திரைக்கதை முடியும்வரை காத்திராமல் ஓவியரைக் களத்துக்கு அனுப்புங்கள், தங்கியிருந்து பார்க்க நாட்கள் கொடுங்கள். கணினி நொடியில் தரும் படங்களில் எல்லோருடைய கடலும் இருக்கிறது, பொம்மையார்பாளையத்துக் கடல் இல்லை. வரைந்தவரின் பெயரை, அவர் செய்த வேலையின் பெயரோடு, திரையில் போடுங்கள். படம் வெளியான பிறகு அந்த ஓவியங்களை ஓவியக் கல்லூரிகளிலும், முடிந்தால் அந்தந்த ஊரிலும் காட்சிக்கு வையுங்கள். பொம்மையார்பாளையத்தின் அகலமான மணற்கரை இன்று மூத்தவர்களின் நினைவில் இருக்கிறது. இப்போது ஒரு தாளிலும் இருக்கிறது. ஒரு படத்துக்கான ஆயத்த வேலை ஒரு கரையின் ஆவணமாகவும் ஆகும்போது, அதை ஹார்ட் டிஸ்க்கில் பூட்டிவைக்க நமக்கு உரிமையில்லை.