அம்மம்மாவுக்கு ஒரு டெஸ்க்டாப்

எங்கட பேஸ்மென்டில் ஒரு பழைய கணினி உபுண்டு சர்வராக ஓடுது. ஸ்கேன் பண்ணின குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். திரையில் கறுப்புப் பின்னணியும் எழுத்தும் மட்டும்தான் வரும். எனக்கு அது போதும். ஆனால் படங்களில் நிற்கிறவர்கள் ஆர் ஆர் என்று தெரிந்தவர் அம்மா மட்டும். வயது 78, மொன்றியலில் இருக்கிறார். கட்டளை தட்டுங்கோ என்று அவரிடம் சொல்லேலுமா? வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாம்தான். ஆனால் அவர் சொல்லுற பெயர் அரட்டைக்குள்ளேயே தொலைஞ்சு போகும்.

அதனால் சர்வரில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்பையும் எக்ஸ்ஆர்டிபியையும் போட்டேன். இரண்டும் இலவசம். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற ரிமோட் டெஸ்க்டாப் செயலியாலேயே இதுக்குள்ள வரலாம்.

நீங்களும் செய்தால் ஒன்றைக் கவனியுங்கோ. எக்ஸ்ஆர்டிபி 3389ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ரவுட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதேங்கோ. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிற நிரல்கள் இதைத்தான் தேடித் திரியுது. நான் வயர்கார்ட் விபிஎன் வழியாக மட்டும் வர விட்டிருக்கிறேன். அதை அம்மாவின் லாப்டாப்பில் நேரில் போய்ப் போட்டுக் கொடுத்தேன்.

இப்ப ஞாயிறுகளில் அம்மா அங்கிருந்தே படங்களைத் திறந்து பெயர் மாற்றுகிறார். போனில் மகள் கேட்பாள்: "இது ஆர், அம்மம்மா?"

"உவர் என்ர பெரியமாமா, பிள்ளை. நெல்லியடியில சைக்கிள் கடை வைச்சிருந்தவர்."

சர்வருக்கு பேக்கப் இருக்கு. அம்மாவின் ஞாபகத்துக்கு இல்லை. 900 படங்களில் 212 முடிஞ்சிருக்கு.